வலிக்காத உறுப்பு

கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் வலி உணரும் நரம்புகள் இருக்கின்றன. உறுப்பு வீங்கி அந்த உறை இழுபட்டால்தான் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் தெரியும். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக உள்ளே தழும்பு படிந்துகொண்டிருக்கலாம், கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கலாம், வைரஸ் குடியேறியிருக்கலாம். ஆள் வேலைக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். கண் மஞ்சளாகும் நாளிலோ வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நாளிலோதான் விஷயம் வெளியே வரும்.

எல்லாருக்கும் பொதுவான இந்த உண்மை, சிலருக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்துகிறது. சிறு வயதில் புற்றுநோய் வந்து, கீமோ ஏற்றி, சிலருக்குக் கரண்ட் என்னும் கதிர்வீச்சும் வைத்து, மீண்டு வந்து இன்று வளர்ந்தவர்களாக நம்மோடு நடமாடுகிறவர்கள் அவர்கள். மூன்று வயதில் நடந்த சிகிச்சை முப்பது வயதில் நினைவில் இருக்காது. கல்லீரலில் அதன் சுவடு இருக்கக்கூடும். அந்தச் சுவடுகள் எப்படி உண்டாகின்றன, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கலாம், எவற்றையெல்லாம் தடுத்து நிறுத்தலாம் என்பதே இந்த அத்தியாயம்.

குணமாக்கினால் மட்டும் போதுமா?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப்புற்றுநோய் 1940-கள் வரை சில மாதங்களில் உயிரைப் பறிக்கும் நோயாக இருந்தது. 1947-இன் இறுதியில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். செல்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று எழுதினார். மருந்தைச் செய்து கொடுத்தது லெடர்லே ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் குழந்தைகளின் உயிரைக் காத்துவருகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்தது. மெம்ஃபிஸ் நகரில் 1962-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கலின் குழு, 1960-களின் முடிவில் பாதிக் குழந்தைகளை முழுமையாகக் குணமாக்கிக் காட்டியது. இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நவீன மருத்துவத்தின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று இது. இனி வரும் எச்சரிக்கைகள் அனைத்தும் அந்த வெற்றியின் மேல் நின்று சொல்லப்படுபவை.

அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் ஜூலியோ டான்ஜியோ, குணமாக்கல் மட்டும் போதாது என்று 1975-லேயே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பிழைத்த குழந்தை எப்படி வளர்கிறது, அதன் இதயமும் எலும்பும் ஈரலும் என்னவாகின்றன என்று பார்ப்பதும் மருத்துவரின் கடமை என்பது அவர் வாதம். அந்தக் கேள்விக்கு எண்களால் பதில் தேடும் பெரும் முயற்சி அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994-இல் தொடங்கியது. 1970-க்கும் 1986-க்கும் இடையே நோய் கண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரை அந்த ஆய்வு பின்தொடர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பெற்றோரின் மரபணுக்கள். பெரிய வேறுபாடு நோயும் சிகிச்சையும்தான்.

2006-இல் முடிவுகள் வந்தன. மீண்டவர்களில் 62.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட உடல்நலக் குறை இருந்தது. 27.5 விழுக்காட்டினருக்கு அது கடுமையானதாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருந்தது. அவர்களின் சராசரி வயது அப்போது முப்பதைக்கூடத் தாண்டவில்லை. கல்லீரல், குடல் சார்ந்த தொல்லைகளும் உடன்பிறந்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தன.

எல்லா மருந்தும் போகும் வழி

கல்லீரல் ஏன் அடிபடுகிறது? அதன் வேலையே அப்படி. குடலில் உறிஞ்சப்படுபவற்றில் பெரும்பாலானவை உடலெங்கும் பரவுமுன் முதலில் கல்லீரலுக்குத்தான் வருகின்றன. நரம்பு வழியே ஏற்றும் மருந்தும் சுற்றிச் சுற்றி அங்கே வந்து சேரும். அங்கிருக்கும் நொதிகள் அதை உடைக்கின்றன, மாற்றுகின்றன, பித்தநீரிலோ சிறுநீரிலோ போகும்படி செய்கின்றன. அப்படி மாற்றும்போது உண்டாகும் துணைப்பொருள்களில் சில, மாற்றிய செல்லையே காயப்படுத்தும்.

குழந்தைகளின் ரத்தப்புற்றுநோயில் முதல் சில மாதத் தீவிர சிகிச்சை முடிந்த பிறகு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் கட்டம் வரும். தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி ஏறுவது சாதாரணம். காயப்பட்ட ஈரல் செல்களிலிருந்து கசிந்து ரத்தத்துக்கு வரும் நொதி அது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் பெற்றோருக்கு நெஞ்சு பதறும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மாத்திரை நின்ற சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாகவே பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

ஆனால் மெத்தோட்ரெக்சேட் வகை மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்த குழந்தைகளின் கல்லீரலில் தழும்புநார் படிந்திருப்பதை நோய்க்கூறு மருத்துவர்கள் 1955-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். மருந்து பிறந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. அன்றிலிருந்தே அளவு, இடைவெளி, பரிசோதனை மூன்றையும் சரிப்படுத்திக்கொண்டே வந்ததால்தான் இன்றைய குழந்தைகளுக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மருந்தில் சிறு மாற்றம் செய்தாலும் ஈரல் எப்படி எதிர்வினை காட்டும் என்பதை 1997-இல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு சோதனை தெளிவாக்கியது. மெர்காப்டோபியூரினுக்குப் பதிலாக அதன் நெருங்கிய உறவான தியோகுவானினைக் கொடுத்தால் இன்னும் நல்ல பலன் கிடைக்குமா என்று பார்த்தார்கள். கல்லீரலுக்குள் ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரை அந்த மருந்து காயப்படுத்தியது. நூற்றுக்குச் சுமார் 11 குழந்தைகளுக்கு அந்தக் குழாய்கள் அடைபட்டு ஈரல் வீங்கியது. வேறு சிலருக்கு அடையாளமே இல்லாமல் மெல்ல மெல்ல கல்லீரலுக்கு வரும் பெருஞ்சிரையில் அழுத்தம் ஏறியது. மண்ணீரல் பெருத்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. மருத்துவர்கள் மெர்காப்டோபியூரினுக்கே திரும்பினார்கள். அன்று அந்தச் சோதனையில் பங்கெடுத்த குழந்தைகள் இன்று முப்பதை நெருங்குகிறார்கள், சிலர் தாண்டிவிட்டார்கள். தங்களுக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் தெரிந்தவருக்குத்தான் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஏற்றிய ரத்தம்

கீமோ நடக்கும்போது எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோகும். ரத்தம் ஏற்றாமல் அந்த நாட்களைக் கடக்க முடியாது. யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம்தான் பல குழந்தைகளைக் கரை சேர்த்திருக்கிறது. அந்த ரத்தத்தோடு இரண்டு விஷயங்கள் கூடவே வந்தன.

ஒன்று, ஹெபடைட்டிஸ் சி வைரஸ். அது 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்த பணிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. தானம் தரப்படும் ரத்தத்தில் அதை நம்பகமாகச் சோதிப்பது அமெரிக்காவில் 1992-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் கட்டாயமானது 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தை ஒவ்வொன்றும், யாருடைய தவறுமில்லாமல், இந்த வைரஸைப் பெற்றிருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே வந்த வைரஸ் பாதிக்கும் மேற்பட்டோரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் வரக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்தக் கதையில் நல்ல செய்தியும் உண்டு. சோஃபோஸ்புவிர் 2013-இல் ஒப்புதல் பெற்ற பிறகு இந்த நோயின் முகமே மாறிவிட்டது. இன்று 12 வார மாத்திரைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு நீங்குகிறது. இந்திய அரசு 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அரசு மையங்களில் இந்த மருந்து இலவசம். தேவைப்படுவது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 1980-களிலும் 90-களிலும் சிறு பிள்ளையாகச் சிகிச்சை பெற்ற ஒருவர், இன்று வரை அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்த வாரத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, இரும்பு. ஒரு யூனிட் சிவப்பணுக்களில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் நாளொன்றுக்கு இழப்பது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்றத் தனி வழி கிடையாது. இருபது யூனிட் ஏற்றினால் நான்கு கிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதும் இருக்கும் இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். மிகுந்த இரும்பு முதலில் கல்லீரலில்தான் தங்கும், அணைக்கட்டின் அடியில் வண்டல் படிவதைப் போல. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால் ஓரளவு தெரியும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் திசுவில் இருக்கும் இரும்பையே அளந்து சொல்லும். அளவு மிகுந்திருந்தால், ரத்த உற்பத்தி சீராகிவிட்டவரிடமிருந்து அவ்வப்போது ஒரு யூனிட் ரத்தம் எடுத்துவிடுவது எளிய வைத்தியம். ஏற்றும்போது வந்த இரும்பு எடுக்கும்போது அதே அளவில் போய்விடுகிறது. முடியாதவர்களுக்கு இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு.

தலையில் வைத்த கரண்ட், ஈரலில் சேரும் கொழுப்பு

உறுப்புகள் தனித்தனித் தீவுகள் அல்ல என்பதற்குக் கதிர்வீச்சு நல்ல சான்று. வயிற்றில் கரண்ட் வைக்கும்போது கல்லீரல் நேரடியாகப் பாதிக்கப்படலாம் என்பது எளிதில் புரியும். தலையில் வைத்தால் கல்லீரலுக்கு என்ன?

நோய் மூளைக்குப் பரவாமல் தடுக்க, முன்பு ரத்தப்புற்றுநோய்க் குழந்தைகள் பலருக்கும் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 1984-இலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் பின்பற்றிய எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையிலும் அது இருந்தது. அந்த முறை நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. தலையில் பட்ட கதிர் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் தொடும். வளர்ச்சி ஹார்மோன் குறையும். உயரம் குறைவது கண்ணுக்குத் தெரியும். தசை குறைந்து, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது தெரியாது. கடைசியில் அந்தக் கொழுப்பு கல்லீரலில் வந்து சேர்கிறது. இந்தியர்களுக்கு உடல் பருமன் இல்லாமலே கொழுப்பு ஈரல் வருவது சகஜம் என்பதால், ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று இருந்துவிட முடியாது. இன்று பெரும்பாலான ரத்தப்புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தலையில் கதிர்வீச்சு கொடுப்பதில்லை. மீண்டவர்களைப் பின்தொடர்ந்து கற்ற பாடம் அடுத்த தலைமுறைக் குழந்தைகளைக் காத்திருக்கிறது.

ஒரு பயத்தையும் இங்கேயே போக்கிவிட வேண்டும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. பழைய நோய் திரும்பிவிட்டது என்று குடும்பமே இடிந்துபோகும். மீண்டவர்களிடம் இப்படித் தென்படும் கட்டிகளில் பல, கல்லீரலின் ரத்த ஓட்டம் மாறியதால் ஒரு பகுதி கூடுதலாக வளர்ந்த தீங்கற்ற முடிச்சுகள். ஈரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனி வகைச் சாயம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால், பெரும்பாலும் ஊசி குத்தித் திசு எடுக்காமலே அடையாளம் கண்டுவிடலாம். அறுவையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். முன்பு என்ன சிகிச்சை நடந்தது என்று ஸ்கேன் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பத்தின் பல நாள் தூக்கம் மிஞ்சும்.

கல்லீரல் மீண்டும் வளரும், காது வளராது

கல்லீரலிலேயே குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் ஹெபடோபிளாஸ்டோமா. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வரும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தால் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுத்து எடுப்பார்கள். எடுக்க முடியாதபடி பரவியிருந்தால் மாற்றுக் கல்லீரல். மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மீதி ஈரல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய பழைய பருமனுக்கு வளர்ந்துவிடும். உடலில் வேறெந்தப் பெரிய உள்ளுறுப்புக்கும் இந்தத் திறன் இந்த அளவுக்கு இல்லை.

ஆனால் சிஸ்பிளாட்டின் உள்காதின் நுண்மயிர்ச் செல்களைக் கொல்கிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. பேச்சு கற்கும் வயதில் காது போனால் மொழி போகும், பள்ளி போகும். இதைத் தடுக்க முடியுமா என்று பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தியோசல்ஃபேட் கொடுத்தபோது, கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள் 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தார்கள். கட்டியின் மீதான மருந்தின் வேலை கெடவில்லை. 2022-இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் வழங்கியது. நோயையும் வெல்ல வேண்டும், குழந்தையின் முழு வாழ்க்கையையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு மருந்தாக உருவெடுத்த கதை இது.

மற்ற உறுப்புகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. டாக்சோரூபிசின் குடும்ப மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தும். மொத்த அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை எக்கோ என்னும் இதய ஸ்கேன் தேவை. சிஸ்பிளாட்டினும் ஐஃபோஸ்ஃபமைடும் சிறுநீரகத்தைத் தொடும். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு 25 வயதிலிருந்தோ, சிகிச்சை முடிந்த எட்டாம் ஆண்டிலிருந்தோ, எது பின்னால் வருகிறதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை வேண்டும். இந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு எல்லாமே தேவைப்படாது. அவர் பெற்ற மருந்தும் அளவும் கதிர் பட்ட இடமும்தான் எது தேவை என்று முடிவு செய்யும்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

கல்லீரலைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிகிச்சை முடிந்து தொடர்கவனிப்புக்கு வரும்போது ஒருமுறை ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி., பிலிருபின். நிறைய ரத்தம் ஏற்றியிருந்தால் ஃபெரிட்டின். பழைய காலத்தில் ஏற்றியிருந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும். கீமோ, சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் எதிர்ப்புச் சக்தியையும் கரைத்துவிடக்கூடும் என்பதால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மறுபடி போட வேண்டியிருக்கலாம். எடை கட்டுக்குள் இருக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். மதுவைத் தொடாமலிருப்பதே நல்லது. மற்றவருக்குச் சிறு தீங்காக இருப்பது, முன்பே தழும்புள்ள ஈரலுக்குப் பெருந்தீங்காகும்.

மூலிகை விஷயத்திலும் நிதானம் வேண்டும். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு ஹெபடைட்டிஸ் பி மீது பலன் உண்டு என்றது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மீண்டவர் எதைச் சாப்பிட்டாலும் தன் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும்.

நம் ஊரில் இவை அனைத்துக்கும் தடையாக நிற்பது மௌனம். நோய் தீர்ந்ததும் குடும்பம் அதை மூடி வைக்கிறது. பெண் பிள்ளை என்றால் இன்னும் ஆழமாக. வரன் பார்க்கும்போது யாருக்கும் தெரியக் கூடாது என்று ஃபைலையே கிழித்துப் போட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்தின் பின்னால் இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் கர்ப்பமாகும்போது, அவள் இதயத்தையும் ஈரலையும் எந்த மருந்து தொட்டது என்று மகப்பேறு மருத்துவருக்குச் சொல்ல ஆள் இருக்காது.

டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-இல் தனிப் பிரிவைத் தொடங்கியது. இந்தியாவின் பல மையங்கள் சேர்ந்து மீண்டவர்களைப் பதிவு செய்து பின்தொடரும் பணியும் நடக்கிறது. 2030-க்குள் உலகெங்கும் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 60 விழுக்காட்டினரையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. அந்த இலக்கை நோக்கிப் போகப் போக, மீண்டவர்களின் எண்ணிக்கை இந்தியாவிலும் வேகமாகப் பெருகும்.

ஆகவே, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோர் கையிலும் அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் தரப்பட வேண்டும். நோயின் பெயர், தேதிகள், ஒவ்வொரு மருந்தின் பெயரும் மொத்த அளவும், கதிர் பட்ட இடமும் அளவும், ஏற்றிய ரத்தம், நடந்த அறுவை, இனி எந்த வயதில் என்ன பரிசோதனை. கிடைக்காதவர்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குத் திரும்பிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். பழைய பதிவேடுகள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் அந்தக் காகிதத்தைக் காட்டி, உனக்கு என்ன வந்தது, எப்படி வென்றாய் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதில் அதை அவர்களிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அதன் பிறகு அந்த உடலைக் காக்கும் பொறுப்பும் உரிமையும் அவர்களுடையது.